ஓய்வுக்காலப் பணத்தை இடம் மாற்றும்போது எந்த ஈக்விட்டி ஃபண்ட்? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

மும்பையில் நம்மாட்கள் சேமிப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பி.எஃப்., பி.பி.எஃப்., எல்.ஐ.சி., கொஞ்சம் தங்கம், நாலைந்து மியூச்சுவல் ஃபண்ட் என்று எல்லாம் இருக்கும். ஐம்பது வயசை ஒட்டி, வீட்டுக் கடன் முடியும் நேரத்தில், "சரி, இதையெல்லாம் ஒழுங்கு பண்ணலாம்" என்று உட்காரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கடந்த ஒரு வருஷத்தில் அதிகம் ஏறிய ஃபண்டுகளின் பட்டியல். அதில் மேலே இருப்பதற்கு எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால் ஃபண்டின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும். அதற்கு முன்னால் எவ்வளவு மாற்ற வேண்டும், எந்தக் கணக்கிலிருந்து மாற்றினால் செலவே இல்லை என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

செம்பூரில் இருக்கும் என் மாமாவின் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட வசதியாகத் தொகைகளை முழுசாக்கியிருக்கிறேன். மாமாவுக்கு 52 வயசு, 60-இல் ஓய்வு.

எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு, அவற்றின் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் பான் எண், பதிவு செய்த மின்னஞ்சல் இரண்டையும் கொடுத்தால் எல்லா நிறுவனங்களின் ஃபண்டுகளும் சேர்ந்த ஒரே ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். கேட்கும்போது சுருக்கமான ஸ்டேட்மென்ட் வேண்டாம், விவரமானதைக் கேளுங்கள், தொடக்கத்திலிருந்து இன்றுவரை என்று தேதி போடுங்கள். எந்த யூனிட்டை எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அதில்தான் இருக்கும், பின்னால் வரிக் கணக்குக்கு அது வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கை யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். அடையாள எண் வைத்து எடுக்கலாம். என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கு இருந்தால் அதன் ஸ்டேட்மென்டையும் எடுத்துவிடுங்கள்.

மாமாவின் தாளில் வந்தது இது: பி.எஃப். 32 லட்சம், பி.பி.எஃப். 12 லட்சம், என்.பி.எஸ். 10 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 26 லட்சம், ஆக மொத்தம் 80 லட்சம். குடியிருக்கும் வீட்டையும் அத்தையின் நகைகளையும் இதில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். விற்கப்போவதில்லை என்று தெரிந்த சொத்தைக் கணக்கில் வைத்தால் கணக்குதான் கோணும்.

ஈக்விட்டி எவ்வளவு என்பதை முதலில்

ஃபண்டுகள் 26 லட்சமும் ஈக்விட்டி, அதாவது பங்குகளில் போட்ட பணம். என்.பி.எஸ்.-இல் 75 சதவீதம் ஈக்விட்டி என்று எப்போதோ டிக் செய்திருக்கிறார், அது 7.5 லட்சம். மொத்தம் 33.5 லட்சம், அதாவது 80 லட்சத்தில் ஏறக்குறைய 42 சதவீதம். "நான் எங்கடா ஷேர்ல போட்டேன், எல்லாம் பி.எஃப்.லதானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த எண்ணைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

இது அதிகமா குறைவா என்று முடிவு செய்ய 100-இலிருந்து வயசைக் கழிக்கும் சூத்திரங்கள் நிறைய உண்டு. அதைவிட, நடந்த இரண்டு சரிவுகளை உங்கள் தொகையின் மேல் போட்டுப் பாருங்கள். சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 20,800-க்கு மேல் முடிந்தது, 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது, கிட்டத்தட்ட 60 சதவீதம் காலி, பழைய இடத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் ஆனது. 2020-இல் நிஃப்டி ஜனவரியில் 12,400-ஐத் தொட்டு மார்ச் கடைசியில் 7,500-க்கு விழுந்தது, ஆனால் அதே வருஷம் நவம்பரில் புதிய உச்சம். முதல் மாதிரி ஒன்று வந்தால் மாமாவின் 33.5 லட்சம் 13.4 லட்சமாகத் தெரியும். திரையில் அதைப் பார்த்துக்கொண்டு தினமும் ரயில் ஏறி வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டேன். "முடியாது, 35 சதவீதம்னா பார்க்கலாம்" என்றார். சரி, 35 சதவீதம் என்றால் 28 லட்சம். ஆக 5.5 லட்சம் ஈக்விட்டியிலிருந்து வெளியே வர வேண்டும்.

உங்கள் எண் வேறாக இருக்கலாம், பென்ஷன் வரும் வேலையில் இருப்பவர் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: அடுத்த ஐந்து வருஷத்துக்குள் செலவழிக்க வேண்டிய பணம், பெண் கல்யாணமோ மகன் படிப்போ எதுவாக இருந்தாலும், ஈக்விட்டியில் இருக்கக் கூடாது. அதை எடுத்து வைத்த பிறகு மிச்சத்துக்குத்தான் சதவீதம்.

வரியில்லாமல் மாற்ற முடிகிற இடத்தில் முதலில் மாற்றுங்கள்

இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் கமிஷன் இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 'ஸ்விட்ச்' செய்தால் வருமான வரித் துறைக்கு அது விற்பனைதான், பணம் உங்கள் கைக்கே வராவிட்டாலும். ஒரே ஃபண்டில், ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானிலிருந்து நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானுக்குப் போவதும் விற்பனைதான், இது பலருக்குத் தெரியாது. என்.பி.எஸ்.-க்குள் ஈக்விட்டியிலிருந்து கடன் பத்திரத்துக்கு மாற்றினால் வரி கிடையாது, சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்சிட் லோட் என்ற கட்டணமும் கிடையாது. காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் பாலிசிக்குள் மாற்றுவது அப்படித்தான்.

என்.பி.எஸ்.-இல் பணம் மூன்று வகையில் போகும். ஈக்விட்டிக்கு ஈ, நிறுவனக் கடன் பத்திரத்துக்கு சி, அரசுப் பத்திரத்துக்கு ஜி. நாமே பிரித்துக்கொள்ளும் 'ஆக்டிவ் சாய்ஸ்' எடுத்திருந்தால், வழக்கமான திட்டத்தில் ஈ-இல் 75 சதவீதம் வரை வைக்கலாம், இந்தப் பிரிவினையை ஒரு நிதியாண்டில் 4 முறை மாற்றலாம், ஃபண்ட் மேனேஜரை 1 முறை மாற்றலாம். (2025 அக்டோபரிலிருந்து 100 சதவீதம் வரை ஈக்விட்டி வைக்கும் திட்டங்களும் வந்திருக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் கூடுதல், விதிகளும் வேறு, 52 வயசில் புதிதாக அதற்குள் போக நான் சொல்ல மாட்டேன்.)

மாமாவின் 10 லட்சத்தில் ஈ 75-ஐ 20-ஆகக் குறைத்து மிச்சத்தை ஜி, சி இரண்டிலும் போட்டோம். சரியாக 5.5 லட்சம் ஈக்விட்டியிலிருந்து இறங்கியது, ஒரு பைசா வரி இல்லை. லாகின் செய்து, ஸ்கீம் ப்ரிஃபரன்ஸ் மாற்றும் பகுதிக்குப் போய், எல்லா எண்களும் கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்து, ஓ.டி.பி. போட்டால் முடிந்தது, சில நாளில் மாறிவிடும். ஈக்விட்டியைக் கூட்ட வேண்டியவர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம்.

இப்போதுதான் ஃபண்டுகள்

26 லட்சம் ஏழு ஃபண்டில் இருந்தது. லார்ஜ்கேப் இரண்டு, 6 லட்சமும் 4 லட்சமும். ஃப்ளெக்ஸிகேப் 5 லட்சம். பழைய வரி சேமிப்பு ஃபண்ட் 2 லட்சம். ஸ்மால்கேப் 5 லட்சம். ஏதோ ஒரு துறையை மட்டும் வாங்கும் தீமேட்டிக் ஃபண்ட் 3 லட்சம். கடைசியாக, லாக்கர் திறக்கப் போன இடத்தில் வங்கியில் தலையில் கட்டிய ஒரு புது ஃபண்ட், 1 லட்சம். "10 ரூபாய்க்கே யூனிட் கிடைக்கும் சார், சீப்" என்றார்களாம். யூனிட் 10 ரூபாயாக இருந்தாலும் 500 ரூபாயாக இருந்தாலும் உள்ளே வாங்கும் பங்குகள் சந்தை விலைக்குத்தான் வாங்கப்படும், இதில் சீப் என்று ஒன்றுமில்லை.

வகைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2017 அக்டோபரில் வகுத்தபடி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101-இலிருந்து 250 வரை மிட்கேப், 251-க்கு மேல் எல்லாம் ஸ்மால்கேப். இந்தப் பட்டியலை மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. லார்ஜ்கேப் ஃபண்ட் 80 சதவீதத்தையாவது அந்த முதல் 100-இல் வைக்க வேண்டும். மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் தங்கள் வகையில் 65 சதவீதம். மல்டிகேப் என்றால் மூன்றிலும் குறைந்தது 25, 25, 25. ஃப்ளெக்ஸிகேப் மேனேஜர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், மொத்தத்தில் 65 சதவீதம் ஈக்விட்டி இருந்தால் போதும். மல்டிகேப்பும் ஃப்ளெக்ஸிகேப்பும் ஒன்று என்று நினைத்துத் தெரியாமலே 25 சதவீதம் ஸ்மால்கேப் வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

மாமாவின் இரண்டு லார்ஜ்கேப் ஃபண்டுகளின் ஃபேக்ட்ஷீட்டையும், அதாவது எதில் முதலீடு என்று காட்டும் தாளையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் பத்துப் பங்குகளில் பெரும்பாலானவை அதே பெயர்கள்: எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ், ஏர்டெல், எல் அண்ட் டி. ஃப்ளெக்ஸிகேப்பைத் திறந்தால் அதிலும் பாதி இவைதான். மூன்று ஃபண்ட், மூன்று மேனேஜர், மூன்று கட்டணம், வாங்கியது ஏறக்குறைய ஒரே கூடை. முதல் 100-க்குள் 80 சதவீதம் என்று விதியே கட்டிப்போட்ட பிறகு அந்த மேனேஜர் வித்தியாசமாகச் செய்ய இடம் குறைவு, கட்டணம் மட்டும் முழுசாகப் போகும். ஃபண்டுகளைச் சந்தைக் குறியீடுகளோடு ஒப்பிட்டு எஸ் அண்ட் பி வெளியிடும் ஸ்பிவா அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் இந்தியாவில் நீண்ட காலத்தில் பெரும்பாலான லார்ஜ்கேப் ஃபண்டுகள் குறியீட்டை எட்டாமல் பின்தங்குவது திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் லார்ஜ்கேப்புக்கு, ஒரு குறியீட்டில் இருக்கும் பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டே போதும் என்பது என் முடிவு, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதை யோசிக்காமலே சொல்வேன்.

கட்டணத்தைச் சின்ன எண் என்று தள்ளிவிடாதீர்கள். 10 லட்சம் ரூபாய் 15 வருஷத்துக்கு 11 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 47.8 லட்சம், 10 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 41.8 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை 6 லட்சம். டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது, ஏஜென்ட் கமிஷன் அதில் இல்லாததால் கட்டணம் குறைவு. புதிதாகப் போடுவதை டைரக்டில் போடுங்கள். பழைய ரெகுலர் பிளானை மாற்றுவதற்கு முன் மட்டும் வரியைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால், நிஃப்டி 50 அல்லது சென்செக்ஸ், இரண்டில் எதுவானாலும் பெரிய வித்தியாசம் வராது. இரண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிதித் துறைதான் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பரவலாக வேண்டும் என்பவர்கள் நிஃப்டி 500 பார்க்கலாம். நிஃப்டி நெக்ஸ்ட் 50 பெயரைக் கேட்டால் சாதுவாகத் தெரியும், ஏற்ற இறக்கம் அதில் கூடுதல். நிறுவனங்களை ஒப்பிடும்போது ஃபண்டின் வருமானத்தைப் பார்ப்பதைவிட 'டிராக்கிங் டிஃபரன்ஸ்' பாருங்கள், அதாவது குறியீட்டிலிருந்து எவ்வளவு பின்தங்கியது என்பது. எது குறைவோ அது நல்லது. அவ்வளவுதான், இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

மேனேஜர் ஓட்டும் ஃபண்ட் ஒன்றாவது வேண்டும் என்று நினைத்தால், ஃப்ளெக்ஸிகேப் ஒன்று போதும். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று காட்டும் வருமானப் பட்டியலை மூடிவிட்டு 'ரோலிங் ரிட்டர்ன்' தேடுங்கள். எந்தத் தேதியில் நுழைந்திருந்தாலும் ஐந்து வருஷம் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று எல்லா நாட்களுக்கும் போட்டுக் காட்டுவது அது. சாதாரணப் பட்டியல் இன்றைய தேதியிலிருந்து பின்னால் போவதால், கடைசி ஆறு மாதம் நன்றாக ஓடிய ஃபண்டுக்கு மூன்று வருஷ எண்ணும் ஐந்து வருஷ எண்ணும் சேர்ந்தே ஏறிவிடும். ஒப்பீட்டை டிவிடெண்டும் சேர்ந்த டி.ஆர்.ஐ. குறியீட்டோடு செய்யுங்கள். அப்புறம் 2020 மார்ச்சில் அந்த ஃபண்ட் எவ்வளவு விழுந்தது, அப்போதிருந்த மேனேஜர் இன்னும் இருக்கிறாரா என்று இரண்டு விஷயம். மேனேஜர் போன வருஷம்தான் வந்தார் என்றால் பத்து வருஷச் சாதனை அவருடையது இல்லை.

தீமேட்டிக் ஃபண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு துறை எல்லார் வாயிலும் அடிபடும்போதுதான் அதற்குப் புது ஃபண்ட் வரும், ஓய்வுக்காலப் பணத்துக்கு அது வேண்டாம். ஸ்மால்கேப் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. 35 வயசுக்காரர் ஒரு பங்கு வைத்திருக்கலாம். எட்டு வருஷத்தில் ஓய்வு என்பவர் 2018 ஜனவரிக்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும்: சென்செக்ஸ் ஏறிக்கொண்டே போனபோதும் ஸ்மால்கேப் குறியீடு இறங்கிக்கொண்டே இருந்தது, 2020 மார்ச்சில் உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் போயிருந்தது. மாமா விற்கலாம் என்றார், நானும் தலையாட்டினேன்.

எப்படி விற்பது, எப்போது விற்பது

ஈக்விட்டி ஃபண்டை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம்தான். கூடவே பெரும்பாலான ஃபண்டுகள் ஒரு வருஷத்துக்குள் வெளியேறினால் 1 சதவீதம் எக்சிட் லோட் பிடிக்கும்.

மாமாவின் ஸ்மால்கேப் 2 லட்சத்துக்கு ஒரே தவணையில் வாங்கியது, இன்று 5 லட்சம், லாபம் 3 லட்சம். தீமேட்டிக் 3.4 லட்சத்துக்கு வாங்கியது, 3 லட்சமாக நிற்கிறது, நஷ்டம் 40,000. இரண்டும் ஒரு வருஷம் தாண்டியவை. இரண்டையும் இந்த மார்ச்சிலேயே விற்றால், 3 லட்சத்தில் 40,000 கழித்து 2.6 லட்சம், அதில் 1.25 லட்சம் போக 1.35 லட்சத்துக்கு வரி 16,875, செஸ் என்ற கூடுதல் வரியோடு 17,550 ரூபாய். தீமேட்டிக் முழுவதையும் ஸ்மால்கேப்பில் பாதியையும் மார்ச்சில் விற்று, மீதிப் பாதியை ஏப்ரல் முதல் வாரத்தில் விற்றால்? மார்ச்சில் 1.5 லட்சம் லாபத்தில் 40,000 நஷ்டம் போக 1.1 லட்சம், வரி இல்லை. ஏப்ரலில் 1.5 லட்சத்தில் 1.25 லட்சம் போக 25,000-க்கு வரி, செஸ்ஸோடு 3,250. விலை அதற்குள் கொஞ்சம் ஏறி இறங்கலாம், ஆனாலும் நாள்காட்டியைப் பார்த்து விற்றதில் 14,300 மிச்சம். எஸ்.ஐ.பி.-யாக, அதாவது மாதத் தவணையில், வாங்கியதென்றால் முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு, லாபம் அதில் கூடுதலாக இருக்கும், அதனால் அந்த விவரமான ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

வங்கியில் கட்டிய அந்த 1 லட்ச ரூபாய் ஃபண்ட் நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு வருஷம் ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். 4 லட்ச லார்ஜ்கேப்பில் லாபம் குறைவு, அதை அடுத்த வருஷ 1.25 லட்சத்துக்குள் முடிக்கலாம். 6 லட்ச லார்ஜ்கேப்பில் லாபம் அதிகம், அதைத் தொடவில்லை. எஸ்.ஐ.பி.-யை மட்டும் நிறுத்தி அந்த மாதத் தவணையை இண்டெக்ஸ் ஃபண்டுக்குத் திருப்பினோம். பழையதை விற்காமல் புதிதாகப் போவதைத் திருப்புவது நிறைய இடங்களில் போதும், இதற்குப் பொறுமை மட்டும்தான் செலவு. வரி சேமிப்பு ஃபண்டும் அப்படித்தான். மாமா புதிய வரி முறையில் இருக்கிறார், இந்த மாதிரி முதலீட்டுக்கான 80சி வரிச் சலுகையே அதில் இல்லாதபோது மூன்று வருஷப் பூட்டுப் போட்டு அந்த ஃபண்டில் எதற்குத் தொடர்ந்து போட வேண்டும்?

ஈக்விட்டியில் விற்று ஈக்விட்டியிலேயே போடுகிறீர்கள் என்றால் காத்திருக்காதீர்கள். விற்ற பணம் இரண்டு வேலை நாளில் வங்கிக்கு வந்துவிடும், அன்றே மதியம் 3 மணிக்குள் ஃபண்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைய விலை கிடைக்கும். "மார்க்கெட் இறங்கட்டும், அப்புறம் போடறேன்" என்று வைத்த பணம் எஃப்.டி.யில் போய் உட்கார்ந்துவிடுவதை நிறையப் பார்க்கலாம். எஃப்.டி. முதிர்ந்தது, நிலம் விற்றது என்று புதிதாக ஈக்விட்டிக்குள் வரும் பெரிய தொகை வேறு கதை. அதை ஏற்ற இறக்கம் குறைந்த லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து தவணையாக இன்னொரு ஃபண்டுக்கு மாற்றும் எஸ்.டி.பி. வைத்து ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

யாரையாவது கேட்டுச் செய்ய வேண்டும் என்றால், அவரிடம் ஏ.ஆர்.என். எண் இருக்கிறதா, ஐ.என்.ஏ. என்று தொடங்கும் செபி பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முன்னது விநியோகஸ்தர், நீங்கள் வாங்கும் ஃபண்டிலிருந்து அவருக்குக் கமிஷன் வரும். பின்னது பதிவு பெற்ற ஆலோசகர், கட்டணத்தை உங்களிடமே வாங்குவார். பதிவு எண்ணை செபி தளத்தில் சரிபார்க்கலாம். இரண்டுமே இல்லாமல் வாட்ஸாப் குழுவில் டிப்ஸ் கொடுப்பவரிடம் பேச்சே வேண்டாம்.

கடைசியாக இரண்டு சில்லறை வேலை. ஒரு ஃபண்டின் யூனிட் எல்லாவற்றையும் விற்றாலும் அதன் எஸ்.ஐ.பி. தானாக நிற்காது, அடுத்த 5-ஆம் தேதி வங்கியிலிருந்து பணம் போய் அதே ஃபண்டில் புது யூனிட் வந்து உட்காரும், அதனால் எஸ்.ஐ.பி.-யைத் தனியாக ரத்து செய்யுங்கள். புது ஃபண்டில் நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய ஃபோலியோவில் (ஃபண்ட் நிறுவனத்தில் உங்கள் கணக்கு) கொடுத்தது புது நிறுவனத்துக்குத் தானாகப் போகாது. மாமாவின் ஃபோலியோ ஒன்றில் அத்தையின் பெயர் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு இருந்தது. அந்தத் திருத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.